இரண்டு சிலிண்டரும் ஒரு விறாந்தையும்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடு, வளவு, கிணறு, வளவில் நிற்கும் தென்னைகள் எல்லாம் பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்பட்டவை. நானும் அப்படித்தான் செட்டிபாளையத்துக்கு வந்து சேர்ந்தேன். கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ், ஒரு மோட்டார் சைக்கிள். சூட்கேஸின் பூட்டு முதல் வருடமே உடைந்துபோனது. மோட்டார் சைக்கிள் இருபத்தாறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜப்பானில் செய்தது. இரட்டைச் சிலிண்டர், உருண்டை விளக்கு, கறுப்பு டாங்கி, நிக்கல் பூசிய மட்காட், கம்பிச் சில்லு. நான் வாங்கும்போதே அது மூன்றாம் கை. இப்போது பார்க்கிறவர்கள் ‘கிளாசிக்’ என்கிறார்கள். கல்முனைப் பக்கத்திலிருந்து வரும் இளவட்டங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய சைக்கிளின் உருவத்தில் புதுச் சைக்கிள் செய்து விற்கிறார்களாம், அதற்கு நல்ல கிராக்கியாம். என்னுடையது பழைய மாதிரி இல்லை, பழசேதான். பேச்சில் நாங்கள் இதையும் சைக்கிள் என்றுதான் சொல்வோம். மிதிப்பதும் சைக்கிள், இதுவும் சைக்கிள்.

வந்த முதல் நாள் அதை எங்கே நிறுத்துவது என்ற பிரச்சினை வந்தது. மனைவியின் தாய், என் மாமி, வாசல் படலைக்குப் பக்கத்தில் நின்ற வேப்பமரத்தைக் காட்டினார். முன்னால் அரைக் கட்டைத் தூரத்தில் கடல், பின்னால் கடலோடு சேரும் பெரிய வாவி. இரண்டு பக்கமும் உப்பு. மரத்தின் கீழ் ஒரு மாரி முழுக்க நின்றால் கம்பிச் சில்லு கம்பியாகவே இருக்காது. நான் புது மாப்பிள்ளை என்பதையும் மறந்து, “இது வெளியில நிக்காது மாமி” என்று சொல்லி, வீட்டு முன்விறாந்தைக்கு ஏற்றிவிட்டேன். மாமிக்கு முகத்தில் ஈயாடவில்லை. மனைவி யன்னலோரமாக இருந்த இரண்டு கதிரைகளை எடுத்து மற்றப் பக்கம் போட்டாள். அன்றிலிருந்து அந்த மூலை சைக்கிளுக்கு. அந்த வளவில் எனக்கென்று இருந்த இடம் அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆறடி நீளம், மூன்றடி அகலம்.

என்னுடைய தொழில் மாட்டோடு. கால்நடை வைத்தியரின் அலுவலகத்தில் வெளிக்கள வேலை. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் மாடு வைத்திருப்பவர்கள் ஃபோனில் கோல் எடுத்தால் போய்ப் பசுவுக்குச் சினை ஊசி போடவேண்டும். நான் டொக்டர் இல்லை. இருந்தாலும் மண்டூர் தொடங்கி அந்தப் பக்கம் முழுவதும் எனக்கு டொக்டர் என்றுதான் பெயர். திருத்திப் பார்த்தேன், கேட்பாரில்லை, விட்டுவிட்டேன். பசு சூட்டில் இருப்பது ஒரு நாள்கூட இல்லை. அதற்குள் போய்ச் சேராவிட்டால் இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், காத்திருக்கவேண்டும், பால்காரனின் கோபத்தையும் வாங்கவேண்டும். ஆகவே சைக்கிள் காலையில் உதைத்தவுடன் இயங்கவேண்டும். எனக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லை.

காலையில் சினை ஊசி மருந்து இருக்கும் குளிர்க் கலனைப் பின்சீற்றில் கட்டிக்கொண்டு குருமண்வெளித் துறைக்குப் போவேன். அங்கிருந்து பாதை. எங்கள் ஊரில் பாதை என்றால் வாவியைக் கடக்கிற பெரிய மிதவைதான். ஆட்கள், சைக்கிள்கள், நெல் மூட்டை, சில நாட்களில் இரண்டு ஆடு, எல்லாம் ஒரே தட்டில் போய் மண்டூர்ப் பக்கம் இறங்கும். நான் எப்போதும் நடுவில்தான் நிறுத்துவேன். ஓரத்தில் நின்றால் அலை தெறிக்கும். தெறித்தால் உடனே சாறன் துண்டால் துடைப்பேன். “டொக்டர் பொண்டாட்டியையும் இப்பிடித் துடைக்கிறாரோ?” என்று பாதையில் ஒருவர் கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து எனக்கும் சிரிப்பு வந்தது. மூக்குக்கு மேல் வருகிற என் கோபம் வாவியைக் கடக்கும் நேரம்கூடத் தாங்காது.

அந்தப் பக்கம் இறங்கினால் வேறு உலகம். இரண்டு பக்கமும் வட்டை வட்டையாக நெல் வயல். காலை வெயில் முதுகில் அடிக்க, நாலாவது கியரில், இரண்டு சிலிண்டரும் சேர்ந்து ஒரே சீராக முணுமுணுத்துக்கொண்டு போகும். அந்தச் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் என் தொடை சொல்லிவிடும். செயின் தளர்ந்தாலும், வலப்பக்கத்துப் பிளக்கில் கரி பிடித்தாலும், காதுக்கு முன்னால் உடம்புக்குத் தெரியும். அப்படி ஒரு அரை மணித்தியாலம் ஒவ்வொரு நாளும் எனக்குக் கிடைத்தது. சந்தோஷமான மனிதன் யார் என்று யாராவது கேட்டால், அந்த அரை மணித்தியாலத்துக்கு நான்தான் என்று சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு. கம்பி கம்பியாக மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பிறகு எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைத் தொட்டுத் தொட்டுப் பூசவேண்டும். எழுபத்திரண்டு கம்பி, நான் எண்ணியிருக்கிறேன். செயினைக் கழற்றித் தட்டில் ஊறவைக்கவேண்டும். காபரேட்டரின் கிண்ணத்தை வாயால் ஊதவேண்டும். விறாந்தையில் இதெல்லாம் நடக்கும்போது மனைவி குசினியிலிருந்து, “சோறு வேணுமா, மண்ணெண்ணெய் போதுமா?” என்று கேட்பாள். கையைக் கழுவிவிட்டு வா என்று அர்த்தம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. தையில் நாள் வைத்தார்கள். மகளுக்குக் கலியாணம் என்றால் எங்கள் ஊரில் வீடும் மகளுக்கு. பெற்றோர் வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மனைவிக்கும் அவளுடைய தாய் அப்படித்தான் கொடுத்தார். எனக்கு இதில் ஒரு மனக்குறையும் இல்லை. மகளுக்கு வீடு போவதில் என்ன குறை? சிக்கல் வேறு. பின்வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய நாள் மனைவி சொன்னாள்:

“இஞ்ச பாருங்க, தைக்கு முதல் விறாந்தைய ஒதுக்கணும். புள்ளைக்குத் துப்பரவாக் குடுக்கணும்.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் முழுதும் விளங்கிக்கொண்டேன் என்று நினைத்தேன். வரப்போகும் மருமகனிடம் புதுச் சைக்கிள் இருக்கிறது, அதுதான் இனி விறாந்தையில் நிற்கும். பின்னால் கட்டுவது சின்ன வீடு. அதில் இரும்புக்கு இடம் கொடுக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? வேப்பமரம்தான் மிச்சம். ‘அப்போ என்ட சைக்கிள் எங்க?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்கிற ஆள் நான் இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற ஆள் நான்.

புது வீட்டு வேலையை மனைவியும் அவளுடைய அண்ணனும் பார்த்துக்கொண்டார்கள். அது வாவிப் பக்கத்துச் சின்னத் தெருவை, ஒழுங்கையை, பார்த்துக் கட்டிய வீடு. எங்கள் குசினியிலிருந்து பார்த்தால் அதன் பின்சுவர் மட்டும்தான் தெரியும். கல் வந்தது, சீமெந்து வந்தது, கூரை ஏறியது. நான் அந்தப் பின்சுவரைத் தாண்டி ஒரு நாளும் போகவில்லை. “வந்து ஒருக்காப் பாருங்களன்” என்று அவள் இரண்டு தரம் கூப்பிட்டாள். “வேலை இரிக்கி” என்றேன். பிறகு அவள் கூப்பிடவில்லை.

ஒரு மாரிப் பின்னேரம் காத்தான்குடிக்குப் போனேன். அங்கே கராச் வைத்திருப்பவர் எனக்கு இருபது வருடப் பழக்கம். கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். பழைய ஜப்பான் சைக்கிள்களை அவரைப்போல அறிந்தவர் இந்தப் பக்கத்தில் இல்லை. கிடைக்காத சாமானை எங்கிருந்தாவது தேடிப் பிடித்துத் தருவார். என்னுடையதைத் தரச்சொல்லிப் பல தரம் கேட்டிருக்கிறார், நான் பல தரம் முறைத்திருக்கிறேன்.

“பாஸ், சைக்கிளை எடுக்கிறீங்களா?” என்றேன்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். “மெய்யாத்தான் சொல்றீங்களா டொக்டர்? ஊட்டுல சண்டையா?”

“சண்டையில்லை. இடமில்லை.”

“எனக்குந்தான் ஊட்டுல இடமில்ல. அதுக்காக என்ன நானே விக்கிறதா?” என்று சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு அவரும் நிறுத்திக்கொண்டார். “சரி. கலியாணத்துக்கு முதல் கொண்டாங்க. ஆனா ஓட்டிட்டு வரணும். லொறியில ஏத்திக் கொண்டாந்தா நான் எடுக்க மாட்டன்.”

சம்மதித்தேன். வரும் வழியில் ஹெல்மெட்டுக்குள் அழுதேன். ஐம்பத்து நாலு வயதில் சைக்கிளுக்காக அழுகிற மனிதனை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. மனைவிக்கு இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் நான் செய்த பெரிய மடத்தனம்.

மாரியில் எங்கள் வாவி நல்ல தண்ணீராகிவிடும். பேச்சில் அதை ஆறு என்போம். மேற்கிலிருந்து வெள்ளம் வந்து நிரம்பும், கடலுக்குப் போகும் வாய் மணலால் அடைபட்டிருக்கும். அந்த நாட்களில் படுவான்கரைச் சேற்றில் குளித்து வரும் சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் வாளியால் அள்ளி ஊற்றிக் கழுவுவேன். வெள்ளம் ஊருக்குள் ஏறத் தொடங்கியதும் ஆற்றுவாயை வெட்டிவிடுவார்கள். வெள்ளம் கடலுக்கு ஓடும். ஓடி முடிந்ததும் கடல் உள்ளே வரும். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரை இரும்பில் ஊற்றுகிறவன் இரும்புக்கு எதிரி. ஆகவே விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அள்ளவேண்டும். இதைப் பாதையில் நான் எத்தனை பேருக்குப் பிரசங்கம் செய்திருக்கிறேன் என்று அவர்களைத்தான் கேட்கவேண்டும்.

அந்த வருடம் ஆற்றுவாய் வெட்டிய செய்தி என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பிரியப்போகிற சைக்கிள் அழுக்காக நிற்கக்கூடாது என்று வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, நாலு நாளும் வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தேன். விரலை நனைத்துப் பார்க்கவில்லை. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பொயின்டின் மூடி றப்பர் தேய்ந்திருந்ததும் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை உதைத்தேன். இருபது தரம் உதைத்தேன். இரும்பு பேசவில்லை. குனிந்து பார்த்தால் சிலிண்டரைச் சுற்றிக் காற்றுப் படும் இதழ்களுக்கிடையில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. பின் பிரேக்கும் இறுகிப்போய், சில்லு சுற்ற மறுத்தது.

மனைவி தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

“என்ன, ஸ்டார்ட் ஆகுதில்லையா?”

“பொயின்ட் தேஞ்சி போச்சி.”

“தேஞ்சதா? ஆத்துல கழுவினதாலயா?”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“ஆத்துவாய் வெட்டி எத்தின நாள்! போன கிழமையே நான் சாறன் துவைக்கப் போய்ச் சவுக்காரம் நுரைக்காமத் திரும்பி வந்தன். நேத்துப் பின்னேரம் பாத்தா, நீங்க அதே தண்ணிய அள்ளி ஊத்திட்டு நிக்கிறீங்க. டொக்டருக்கு ஏதோ புது வைத்தியம் தெரிஞ்சிரிக்கி எண்டு நினைச்சன்.”

“கண்டா சொல்லியிரிக்கலாம்தானே?”

“உங்களிட்டச் சைக்கிளப் பத்தி வாய் திறக்க ஏலுமா?”

திறக்க ஏலாதுதான். தேத்தண்ணியை வாங்கிக்கொண்டேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை என்பதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். ஓட்டிக்கொண்டு வரவேண்டும் என்று பாஸ் சொல்லிவிட்டார். மகளின் கலியாணத்துக்கு என்று எடுத்த லீவில் நான் விறாந்தையில் சாக்கை விரித்துச் சைக்கிளை அக்கக்காகக் கழற்றினேன். அதே விறாந்தையின் மற்றப் பக்கத்தில் பலகாரம் சுடுகிற பெண்கள் கூட்டம். ஒரு பக்கம் அரியதரம், முறுக்கு, பயத்தம் பலகாரம். மறுபக்கம் பிரேக் ஷூ, பிளக், காபரேட்டர். நடுவில் மனைவியின் தங்கை ஒரு சாறியை வேலியாகக் கட்டிவிட்டாள்.

“அத்தான், இந்தப் பக்கம் ஒரு சொட்டு எண்ணெ வந்திச்சோ, மாப்பிள்ள வீட்டுக்கு உங்களத்தான் பலகாரமா அனுப்புவன்” என்றாள். அவளுடன் வாயைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

பஸ்ஸில் காத்தான்குடிக்குப் போய்ப் புதுப் பொயின்ட் ஒன்று வாங்கினேன். பாஸ் பழையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். “உப்பு” என்று மட்டும் சொன்னார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவருடைய கராச்சின் உள் மூலையில் இரண்டு பழைய சைக்கிள்கள் துணி போர்த்தி நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில்தான் என்னுடையதும் நிற்கப்போகிறது.

உப்பை வெளியேற்ற நல்ல தண்ணீர்தான் மருந்து. கிணற்றிலிருந்து அள்ளி அள்ளி ஊற்றி, ஒவ்வொரு இதழையும் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மண்ணெண்ணெயால் துடைத்தேன். வயர் மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுரண்டினேன். பிரேக் தட்டை மரச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டித் தட்டிக் கழற்ற ஒரு முழுப் பகல் போனது. இரண்டாம் நாள், நான் கூப்பிடாமலே மனைவி சாறிக்கு அந்தப் பக்கமிருந்து வந்து, ஒரு பலகையைப் போட்டு எனக்கு எதிரே இருந்தாள். மடியில் ஒரு பீங்கான் கோப்பைத் தட்டு. நான் கழற்றித் தருகிற திருகாணிகளை அதில் வரிசையாக வைத்தாள். எது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. திரும்பப் பூட்டும்போது நான் கையை நீட்டுவேன், சரியானது கையில் வந்து விழும். இருபத்தாறு வருடம் குசினி வாசலிலிருந்து பார்த்தே பாடமாக்கியிருக்கிறாள்.

“இது காபரேட்டர் மூடிட ஆணி. மற்றது நீளம்” என்பாள். நீளம்தான்.

பொயின்ட் பூட்டும்போது இடைவெளி சரியாக இருக்கவேண்டும். அதற்கு ஒரு தகடு வைத்து அளப்பார்கள். என்னிடம் இருந்த தகடு துருப்பிடித்து வீங்கிவிட்டது. அந்தத் தடிப்பில் ஏதாவது வேண்டும் என்று தேடினேன். மனைவி உள்ளே போய் கலியாண அழைப்புக் காட் ஒன்றைக் கொண்டுவந்தாள். கனமான, பளபளப்பான காட். மூலையில் ஒரு சின்னத் துண்டு வெட்டி வைத்துப் பார்த்தேன். அச்சுப் போட்டதுபோல் பொருந்தியது.

சாறிக்கு மேலால் தங்கையின் தலை தெரிந்தது. “அக்கோ! மகள்ட காட்டயா வெட்டுறீங்க?”

“பிழையா அச்சடிச்ச காட் கா. தகப்பன்ட தொழில் பேரில டொக்டர் எண்டு போட்டுட்டானுகள்” என்றாள் மனைவி. பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் திருடனாக இருந்தேன். இவள் இவ்வளவு பாடுபட்டு என்னோடு சேர்ந்து திருத்துவது நான் ஓட்டுவதற்கு என்று நினைத்து. நான் திருத்துவது கொடுப்பதற்கு. பல தரம் சொல்ல வாயெடுத்தேன். திருகாணியைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். விற்கப்போகும் சாமானைத் திருத்துகிறவனுக்குச் சந்தோஷம் வருமா? எனக்கு வந்தது. அந்த நாட்களைப்போல நாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்து இருந்து மணிக்கணக்காக வேலை செய்தது எங்கள் வாழ்க்கையில் முன்பு நடந்ததில்லை.

ஐந்தாம் நாள் பத்து மணிக்கு உதைத்தேன். மூன்றாவது உதையில் இருமியது. ஏழாவதில் பிடித்தது. முதலில் வலப்பக்கம் தனியாக, பிறகு இடப்பக்கமும் சேர்ந்து, பழைய முணுமுணுப்பு வந்தது. கூடவே குழாய்க்குள் தங்கியிருந்த எண்ணெய் எல்லாம் நீலப் புகையாகச் சாறியைத் தாண்டிப் போனது. “பலகாரத்த மூடுங்க! மூடுங்க!” என்று ஒரே கூச்சல். மனைவி தட்டை மடியில் வைத்தபடி கையால் புகையை விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலையில், வீட்டை மகளிடம் கொடுத்தார்கள். பெரிய சடங்கு ஒன்றும் இல்லை. சுவாமி அறையில் விளக்கேற்றி, மனைவி வீட்டுத் திறப்புச் சாவிக் கோர்வையை மகளின் கையில் வைத்தாள். மகள் அழுதாள், தாயும் அழுதாள். நான் விறாந்தைக்கு வந்து என் மூலையைப் பார்த்தேன். சாக்கை மடித்தேன். சைக்கிளை இறக்கி, முற்றத்தால் தள்ளிக்கொண்டு படலைக்குப் போனேன். எல்லோரும் உள்ளே இருக்கும்போது போய்விட்டு வந்துவிட்டால் பேச்சு மிச்சம் என்பது என் கணக்கு.

மனைவி பின்னால் வந்துவிட்டாள். கண் இன்னும் ஈரமாக இருந்தது.

“எங்க வெளிக்கிட்டீங்க?”

“காத்தான்குடிக்கு.”

“இண்டைக்கு அங்க என்ன?”

சொன்னேன். பல நாளாக மனதுக்குள் எழுதிவைத்திருந்ததை அலுவலக அறிக்கைபோல வாசித்தேன். வீடு மகளுடையது, மருமகனுக்குச் சொந்தச் சைக்கிள் இருக்கிறது, பின்னால் சின்ன வீடு, மழையில் விட்டு உக்கவைக்க என்னால் முடியாது, ஆகவே அருமை தெரிந்த ஒருவரிடம் கொடுக்கிறேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை.

“என்னட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“என்னத்தக் கேக்கிற? விறாந்தைய ஒதுக்கணும் எண்டு நீதானே சொன்ன?”

“விறாந்தைய ஒதுக்கத்தான் சொன்னன். சைக்கிள விக்கச் சொன்னனா?” கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, “ஒழுங்கையால உருட்டிட்டு வாங்க. முதல்ல வந்து பாருங்க. மறுகா விக்கிறதெண்டா வித்துப்போட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு வளவால் நடந்தாள்.

நான் எஞ்சினை இயக்காமல், வேலியைச் சுற்றி, வாவிப் பக்கத்து ஒழுங்கையால் தள்ளிக்கொண்டு போனேன். அந்த வீட்டின் முகத்தை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன்.

படி இல்லை. வாசலில் மூன்று படி வரவேண்டிய இடத்தில், சீமெந்தால் ஒரு சரிவு. டயர் வழுக்காமல் இருக்கக் குறுக்காகக் கோடு கோடாகக் கீறியிருந்தது. கதவு ஒற்றைக் கதவு இல்லை, இரட்டை. இரண்டையும் திறந்து வைத்திருந்தாள். உள்ளே முன்கூடத்தின் இடப்பக்கம் யன்னலோரமாக வெறுமையாக இருந்தது. மற்றப் பக்கத்தில் இரண்டு கதிரைகளைப் போட்டிருந்தாள்.

வீடு கட்டிய மேசன் பாஸ் வாசலில் இருந்து பூச்சுக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். “அத்திவாரம் வெட்டின அண்டைக்கே அக்கா நூல் கொண்டந்து தந்தா டொக்டர். சைக்கிள்ட ஹாண்டிலுக்கு இந்தத் தலையிலயிருந்து அந்தத் தலைக்குப் புடிச்ச நூல். முடிச்சிப் போட்டு வெச்சிருந்தா. அந்த அளவுக்கு மேல ஒரு சாண் விட்டுத்தான் கதவு நிலை வெச்சன். தாராளமாப் போகும்” என்றார். தொழிலில் குறை சொல்லிவிடுவேனோ என்று பயந்தவர்போல என் முகத்தைப் பார்த்தார்.

அத்திவாரம் வெட்டிய அன்றைக்கே. விறாந்தையை ஒதுக்கவேண்டும் என்று அவள் சொன்னதும் நான் மூஞ்சியைத் தூக்கியதும் அதே நாள்தான்.

ஒழுங்கையில் நின்றபடியே காத்தான்குடிக்குக் கோல் எடுத்தேன். வரமாட்டேன் என்று சொன்னேன். “நீங்க வரமாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும் டொக்டர். நான் இடம் ஒதுக்கவேயில்ல” என்றார் கராச் பாஸ். மேசன் கரண்டிகளை வாளிக்குள் போட்டுக்கொண்டு போனார். நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளும் மட்டும் நின்றோம்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். முன்கூடம், ஒரு அறை. அவ்வளவுதான்.

“குசினி எங்க?” என்றேன்.

“பின்னால சுவரோட சாய்ப்பாப் பத்தி இறக்கியிரிக்கி. தகரம் போட்டு.”

“மழை அடிக்குமே உனக்கு. குசினிய உள்ள எடுத்துட்டு இந்தச் சைக்கிள வெளிய விட்டிரிக்கலாமே?”

அவள் என்னைப் பார்த்தாள். “இது வெளிய நிண்டா நீங்களும் வெளியதான் நிப்பீங்க. இத்தின வருசமாப் பாக்கிறன்தானே. மறுகா நான் யாருக்கு வீடு கட்டுற?”

கியரை விடுவித்து, முன்சில்லைச் சரிவுக்கு நேரே திருப்பினேன். அவள் சாறித் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, பின்சீற்றில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள்.